தீ வந்தால் வீட்டில் நிற்பதா, கிளம்புவதா? விக்டோரியாவில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நவம்பர் பிறந்து வெயில் ஏற ஆரம்பித்தால் எனக்கு இந்தக் கேள்விகளும் வர ஆரம்பித்துவிடும். மெல்பனின் வடகிழக்கு ஓரத்தில், யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. ஊர் தீயணைப்புப் படை நடத்தும் கூட்டங்களுக்குப் பல வருடங்களாகப் போய்வருவதால், புதிதாக இந்தப் பக்கம் வீடு வாங்கியவர்கள் பிறந்தநாள் விருந்திலோ கோயில் வரிசையிலோ என்னைப் பிடித்துக்கொள்வார்கள். நான் தீயணைப்பு வீரன் இல்லை. கேட்டதையும் படித்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்ததையும் எழுதுகிறேன். எல்லாம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கானது. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் உங்கள் ஊர்ச் சட்டத்தையும் எச்சரிக்கை ஆப்பையும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டுத்தீ வந்தா வீட்டுலயே இருக்கலாமா, கிளம்பிடணுமா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

கிளம்பிவிடுங்கள். அதுவும் முன்கூட்டியே. இதைக் கேட்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். தங்கி வீட்டைக் காப்பது என்று ஒரு வழி இருக்கிறது. அது யாருக்கு என்று கீழே வருகிறது.

ஆனால் நம் வீடுகளில் இந்த இரண்டையும்விட அதிகம் காணப்படுவது மூன்றாவது வழி: "அப்போ பார்த்துக்கலாம்." தங்குவதற்கான தயாரிப்பும் இல்லாமல், கிளம்புவதற்கான பையும் கட்டாமல், ஜன்னல் வழியாகப் புகையைப் பார்த்துக்கொண்டு இருப்பது. இருப்பதிலேயே மோசமான வழி அது. இந்தப் பக்கத்தில் நான் சண்டை போடுவதெல்லாம் அதனோடுதான்.

முன்கூட்டியேன்னா எப்போ? புகை தெரிஞ்சதும் கார எடுத்தா போதாதா?

போதாது. புகை தெரியும் நேரத்தில் சாலையில் மரம் விழுந்திருக்கலாம், பகல் மூன்று மணிக்கே முன்னால் போகும் காரின் பின்விளக்கு தெரியாமல் போகலாம், ஊரே அந்த ஒற்றைச் சாலையில் நின்றிருக்கலாம். எங்கள் மலைப்பக்கத்தில் பல தெருக்களுக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வழிதான்.

நீங்கள் பார்க்க வேண்டியது அன்றன்றைய தீ அபாய அளவு. 2022 செப்டம்பரிலிருந்து ஆஸ்திரேலியா முழுவதும் நான்கு படிகள்: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், எல்லாவற்றிலும் கடுமையான கேட்டஸ்ட்ராஃபிக். நாளைக்குக் கேட்டஸ்ட்ராஃபிக் என்று அறிவித்தால், தீ எங்கும் பிடிக்காவிட்டாலும் இன்று இரவோ நாளை அதிகாலையோ கிளம்பிவிட வேண்டும். அப்படிப்பட்ட நாளில் தாக்குப்பிடிக்கும்படி இங்கே வீடுகள் கட்டப்படுவதே இல்லை. எக்ஸ்ட்ரீம் நாளிலும் முழுத் தயாரிப்பு இல்லாதவர்கள் காலையிலேயே கிளம்ப வேண்டும். எங்கள் வீட்டு விதி: எக்ஸ்ட்ரீம் என்றால் காலை 9 மணிக்குள் கார் தெருவைத் தாண்டியிருக்க வேண்டும். விவாதம் எல்லாம் முந்தின நாள் இரவுச் சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

எங்கட வீடு செங்கல் வீடு தானே அண்ணை, அது எப்பிடி எரியும்?

யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் நாம் பார்த்து வளர்ந்த செங்கல் வீடு வேறு. இங்கே பெரும்பாலும் வெளியே ஒரு வரிசைச் செங்கல், அதற்கு உள்ளே மரச்சட்டம், மேலே மரக்கூரைச் சட்டம். செங்கல் ஒரு சட்டை மாதிரி.

இன்னொரு விஷயம், வீடுகள் எரிவது பெரும்பாலும் அந்தப் பெரிய தீச்சுவர் வந்து மோதுவதால் அல்ல. காற்றில் பறந்து வரும் கங்குகளால். எரியும் மரப்பட்டை, இலை, குச்சி ஆகியவை தீ வருவதற்கு முன்னாலேயே மழை மாதிரி வந்து விழும். தீ போன பிறகும் மணிக்கணக்கில் விழுந்துகொண்டிருக்கும். கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் கால்வாயான கட்டரில் காய்ந்த இலை, ஓட்டுக்கு அடியில் ஒரு விரல் அளவு இடைவெளி, வீட்டையொட்டிய மர மேடையான டெக்கின் கீழே ஒதுங்கிய சருகு, வாசலில் தேங்காய் நார் மிதியடி. கங்குக்கு அவ்வளவு இடம் போதும். ஒருநாள் ஏணி வைத்து உங்கள் கட்டருக்குள் கையை விட்டுப் பாருங்கள். கையில் வருவது பொடிப்பொடியாக நொறுங்கினால், அடுப்பு பற்றவைக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது.

முன்னாடி அரசாங்கமே "இருந்து வீட்டைக் காப்பாத்து"ன்னு சொன்னதா என் ஆபீஸ்ல ஒரு ஆஸி சொன்னாரே?

உண்மைதான், அவர் புளுகவில்லை. பல வருடங்களாக இங்கே இருந்த கொள்கை: ஒன்று, தயாராகித் தங்கி வீட்டைக் காப்பாற்று, இல்லை, சீக்கிரமே கிளம்பு. 1983 பிப்ரவரி 16-ஆம் தேதி, ஆஷ் வெட்னஸ்டே என்று சொல்லும் அந்த நாளில், விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலுமாக 75 பேர் இறந்தார்கள். கடைசி நேரத்தில் ஓடியவர்கள் சாலையில் மாட்டிக்கொள்வதும், ஆள் நின்ற வீடுகள் பல தப்பிப்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. "மனிதன் வீட்டைக் காப்பான், வீடு மனிதனைக் காக்கும்" என்பது அப்போது வாய்பாடு போல ஆகிவிட்டது.

அப்புறம் 2009 பிப்ரவரி 7 வந்தது. பிளாக் சாட்டர்டே. மெல்பனில் 46.4 டிகிரி. கில்மோர் ஈஸ்ட்டில் நண்பகலுக்குச் சற்று முன் ஒரு மின்கம்பி அறுந்ததில் கிளம்பிய தீ, வடமேற்குக் காற்றில் தென்கிழக்காக ஓடியது. அதுவரை தீ நீளமாக, ஒடுக்கமாகத்தான் இருந்தது. மாலையில் காற்று தென்மேற்குக்குத் திரும்பியதும், அந்த நீளப் பக்கம் முழுவதும் பல கிலோமீட்டர் அகலத் தீமுகமாக மாறிவிட்டது. விக்டோரியாவின் மோசமான தீ நாட்களில் இந்தக் காற்று மாற்றம் புதிதல்ல. குளிர்காற்று வந்துவிட்டது என்று மூச்சுவிடும் நேரம்தான் ஆபத்து. மேரிஸ்வில் என்ற அழகான சிற்றூர், இன்னொரு தீயில், காற்று மாறிய பிறகுதான் அழிந்தது. அந்த நாள் தீயில் மொத்தம் 173 பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின.

அந்த 173 பேரில் 113 பேர் வீடுகளுக்குள் இறந்தவர்கள். இந்த எண்தான் பழைய வாய்பாட்டை உடைத்தது. விசாரித்த ராயல் கமிஷன் 2010-இல் 67 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. தங்கிக் காப்பது என்ற வழியை அது ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் மிகக் கடுமையான நாட்களில் அது செல்லாது, எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லக்கூடாது என்றது. அதன் பிறகுதான் "சீக்கிரம் கிளம்புவதே எப்போதும் பாதுகாப்பானது" என்பது முதல் வரியாக வந்தது. உங்கள் ஆபீஸ்காரர் 2009-க்கு முந்தைய பாடத்தைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அப்போ யார்தான் நிற்கலாம்?

முதலில் வீடு. சுற்றிலும் புதரும் சருகும் அகற்றப்பட்டிருக்க வேண்டும்; செங்குத்தான காட்டுச் சரிவின் மேல் இருக்கக்கூடாது. தீ மேட்டில் ஏறும்போது வேகம் கூடும்: ஒவ்வொரு 10 டிகிரி சரிவுக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் புல்சரிவில் மாட்டிக்கொண்ட மலையேற்றக்காரர்களை நினைத்துப் பாருங்கள். அங்கே மனிதன் ஓடித் தப்புவது கஷ்டம்.

அடுத்து தண்ணீர். விக்டோரியாவின் கிராமப்புறத் தீயணைப்புப் படையான சிஎஃப்ஏ சொல்வது, குழாய்த் தண்ணீரை நம்பாமல் தனியாகக் குறைந்தது 10,000 லிட்டர். அதை இறைக்க பெட்ரோல் அல்லது டீசல் பம்ப், ஏனென்றால் கரண்ட் முதலில் போகும். வீட்டின் நாலு பக்கமும் எட்டும் ஹோஸ். தரைக்கு மேலே ஓடும் குழாய் எல்லாம் உலோகம், பிளாஸ்டிக் உருகிவிடும்.

கடைசியாக ஆள். திடகாத்திரமான பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர். புகையில், இருட்டில், ரயில் தலைக்கு மேல் ஓடுவது போன்ற சத்தத்தில், பல மணி நேரம் வேலை செய்யக்கூடியவர்கள். பம்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டார்ட் செய்யத் தெரிந்தவர்கள். ஒரு கூட்டத்தில் தீயணைப்புப் படைப் பயிற்சியாளர் ஒருவர் கேட்டார்: "உங்கள் பம்பைக் கடைசியாக எப்போது ஓட்டினீர்கள்?" பம்ப் வைத்திருந்த பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

எங்ககிட்ட நல்ல கார்டன் ஹோஸும் ரெண்டு வாளியும் இருக்கு. சமாளிச்சிடலாம்ல?

முடியாது. ஊரே ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும், அப்புறம் அதுவும் நிற்கும்.

நிற்கிறவங்க அந்த நேரத்துல என்னதான் செய்வாங்க? வெளிய இருப்பாங்களா, உள்ள போயிடுவாங்களா?

இரண்டும். வரிசை முக்கியம். தீ வருவதற்கு முன் கட்டரின் கீழ்க்குழாயை டென்னிஸ் பந்தாலோ துணியாலோ அடைத்து, கட்டரில் தண்ணீர் நிரப்புவார்கள். மிதியடி, மர நாற்காலி, கொடித்துணி எல்லாவற்றையும் வீட்டிலிருந்து தள்ளிப் போடுவார்கள். கங்கு விழ ஆரம்பித்ததும் சுற்றிச் சுற்றி வந்து, விழுந்த இடத்திலேயே அணைப்பார்கள்.

தீமுகம் நெருங்கும்போது வெளியே நிற்கவே கூடாது. தீ உங்களைத் தொட வேண்டியதில்லை. அதன் வெப்பக் கதிரே கொல்லும். சுடுகாட்டில் சிதைக்கு எதிரே நின்றவர்களுக்கு அந்த வெப்பம் எப்படி முகத்தைத் திருப்ப வைக்கும் என்று தெரியும்; அதை ஒரு மலை அளவுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். உள்ளே போய் ஜன்னலை மூடி, ஓட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே புகும் கங்கை அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தீமுகம் கடந்துபோவது பெரும்பாலும் சில நிமிடங்கள். அது போனதும் உடனே வெளியே வந்து, வீட்டில் பற்றியிருக்கும் சின்னச் சின்னத் தீயை அணைக்க வேண்டும். உண்மையான வேலை இதற்குப் பிறகு பல மணி நேரம்.

உள்ளே இருக்கும்போது குளியலறையில் போய்ப் பதுங்காதீர்கள். தண்ணீர் இருக்கும், ஓடு பதித்திருக்கும் என்று மனம் அங்கேதான் இழுக்கும். ஆனால் ஒரே கதவு, வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. வெளியே திறக்கும் கதவு உள்ள அறையில், தீயைப் பார்க்கும்படி இருக்க வேண்டும். வீடே பிடித்துக்கொண்டால், ஏற்கெனவே எரிந்து முடிந்த தரைக்கு வெளியேற வேண்டும்.

உடை: நீளக் கை பருத்தி அல்லது கம்பளிச் சட்டை, ஜீன்ஸ், தோல் பூட்ஸ், கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முகமூடி. பாலியஸ்டர் புடவை, நைலான் நைட்டி, ஓட்டப்பயிற்சி உடை எதுவும் கூடாது. உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கிளம்புகிறவர்களும் இப்படித்தான் உடுத்த வேண்டும்.

நான் மட்டும் நின்னுக்கறேன், மனைவி பிள்ளைங்களை அனுப்பிடறேன். இது ஓகேதானே?

இதைக் கேட்பவர்கள் எப்போதும் ஆண்கள். மேலே சொன்னபடி இரண்டு பேர் வேண்டும், நீங்கள் ஒருவர்தான்; அங்கேயே இந்தத் திட்டம் விழுந்துவிட்டது.

அது மட்டுமில்லை. நீங்கள் பின்தங்கினால் அவர்களும் கிளம்பத் தயங்குவார்கள். மதியம் வரை "நீயும் வா" என்று ஒரு பேச்சு, "நீ முதல்ல போ" என்று ஒரு பேச்சு. கடைசியில் மூன்று மணிக்கு அவர் இரண்டு பிள்ளைகளோடு புகைக்குள் தனியாகக் கார் ஓட்டுவார். மாலையில் உங்கள் போன் வேலை செய்யாது என்றால், சாலைத் தடுப்பைத் தாண்டி உங்களைத் தேடி வரப் பார்ப்பார். நிற்பதென்றால் உங்கள் மனைவி ஏப்ரல் மாதத்திலேயே சம்மதித்திருக்க வேண்டும், ஜனவரி மதியத்தில் இல்லை.

ஊருல இருந்து அம்மா அப்பா வந்திருக்காங்க. "எனக்கு என்ன வயசாச்சு, நான் இங்கயே இருக்கேன்"ங்கறாங்க. என்ன பண்றது?

2009-இல் இறந்தவர்களில் 44 சதவீதம் பேர் 12 வயதுக்குக் கீழோ 70 வயதுக்கு மேலோ இருந்தவர்கள், அல்லது உடல்நலக் குறைவோ ஊனமோ உள்ளவர்கள். இந்தக் கணக்கை அப்பாவிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, தெரியும். எங்கள் மாமியாரிடம் நானும் சொல்லிப் பார்த்தேன்.

அவரிடம் எடுபட்டது வேறு. அன்றைக்குத் தீ என்று சொல்லவே இல்லை. "நாளைக்கு நாற்பத்திரண்டு டிகிரியாம், டாண்டினாங்கில் சித்தி வீட்டில் ஏசி நன்றாக இருக்கும், காலையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம்" என்றோம். பையில் பாஸ்போர்ட், மாத்திரைச் சீட்டு, நகை, பூஜையறையிலிருந்து அவருடைய சின்ன வெள்ளி விளக்கு. விளக்கு வந்தால் அவரும் வருவார். வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் எக்ஸ்ட்ரீம் நாளுக்கு முந்தின மாலையே அனுப்பிவிடுவது இன்னும் நல்லது. புகையும் வெயிலும் அவர்களுக்குத் தீயைப் போலவே ஆகாது.

நாங்க மெல்பனுக்கு வடக்கே மிக்கிள்ஹாம் பக்கம் புது வீட்டுமனை எஸ்டேட்ல இருக்கோம். காடே இல்ல, வெறும் புல்லுதான். எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?

காய்ந்த புல்லில் தீ மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும். நீங்கள் ஓடுவதைவிட வேகம். 2014 பிப்ரவரியில் மிக்கிள்ஹாம் பக்கம் கிளம்பிய தீ கில்மோர் வரை போனது. உங்கள் எஸ்டேட்டின் நடுவில் வீடு என்றால் ஆபத்து குறைவு. வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ச்சல் நிலம் என்றால் நீங்களும் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டியவர்தான். ஒரு ஆறுதல்: நகரின் உள்பக்கமாக இரண்டு மூன்று தெரு தள்ளிப் போனாலே பெரிய வித்தியாசம். அதற்காக, நடந்தே போய்விடலாம் என்று கடைசி வரை காத்திருக்க வேண்டாம்.

வாடகை வீடு. நாங்க என்ன செய்ய?

பையைக் கட்டுங்கள், கட்டரைச் சுத்தம் செய்யச் சொல்லி ஏஜென்டுக்கு அக்டோபரிலேயே எழுதுங்கள், எக்ஸ்ட்ரீம் நாளில் கிளம்புங்கள். அடுத்தவர் வீட்டுக்காக ஹோஸ் பிடிக்க வேண்டாம்.

போலீஸ் வந்து போகச் சொன்னா போயே ஆகணுமா?

விக்டோரியாவில் சொந்த வீட்டில் இருப்பவரைக் கட்டாயமாக இழுத்து வெளியேற்ற முடியாது. வெளியேறச் சொல்வது பலமான அறிவுரைதான். கலிபோர்னியாவில் கட்டாய உத்தரவு என்று செய்தியில் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படி என்று நினைக்கிறார்கள். அதனால், யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள், அதுவரை இருக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பலர் வீட்டுக் கதவை யாருமே தட்ட மாட்டார்கள். தெருவுக்கு ஒரு தீயணைப்பு வண்டியும் வராது.

வெளியேறிய பிறகு திரும்பி வருவது உங்கள் கையில் இல்லை. சாலைத் தடுப்பு வைத்தால் சில நாட்கள்கூட விடமாட்டார்கள். "நாய்க்குச் சாப்பாடு வைத்துவிட்டு வருகிறேன்" செல்லாது. நாயையும் காரில் ஏற்றுங்கள்.

நிற்காம போயிட்டா இன்சூரன்ஸ் குடுக்க மாட்டாங்களாமே?

வதந்தி. நீங்கள் ஹோஸ் பிடித்து நிற்க வேண்டும் என்று எந்தப் பாலிசியும் எதிர்பார்ப்பதில்லை. கவனிக்க வேண்டியவை வேறு: பல பாலிசிகளில் எடுத்த முதல் 72 மணி நேரத்துக்குக் காட்டுத்தீ செல்லாது, ஆகவே புகையைப் பார்த்து ஆன்லைனில் வாங்க முடியாது. தொகையும் பழைய விலையில் இருக்கும். இன்றைக்கு அதே வீட்டைக் கட்ட எவ்வளவு ஆகும் என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள். அந்தத் தொகை சரியாக இருந்தால், நிற்கும் ஆசை பாதி குறைந்துவிடும் என்பது என் அனுபவம்.

சரி, எல்லாம் தெரிஞ்சும் தூங்கிட்டோம். இப்போ வெளிய போக முடியாதுன்னு எச்சரிக்கை வந்தாச்சு. என்ன செய்ய?

மாநில எச்சரிக்கை ஆப்பான விக்எமர்ஜென்சியில் உடனே கிளம்பச் சொல்லி வந்தால் கிளம்பலாம். கிளம்பும் நேரம் கடந்துவிட்டது, உள்ளேயே இருங்கள் என்று வந்துவிட்டால் சாலைதான் மிக ஆபத்தான இடம். மேலே நிற்பவர்களுக்குச் சொன்னது அப்படியே உங்களுக்கும்: உடை, ஜன்னல், வெளிக்கதவு உள்ள அறை, சுற்றிச் சுற்றிக் கங்கு தேடுவது. படுத்துக் கிடக்கக்கூடாது. உங்களுடையதைவிட நன்றாகத் தயாரான பக்கத்து வீடு எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே போகலாம். சில ஊர்களில் விளையாட்டுத் திடல் போன்ற இடத்தைக் கடைசிப் புகலிடமாகக் குறித்துப் பலகை வைத்திருப்பார்கள். அங்கே தண்ணீரோ கழிப்பறையோ உத்தரவாதம் இல்லை, உயிருக்கும்தான்.

2019 டிசம்பர் 31 அன்று, விக்டோரியாவின் கிழக்கு ஓரத்து ஊரான மல்லகூட்டாவின் கடற்கரையில் தீக்குத் தப்பி சுமார் 4,000 பேர் நின்றார்கள். காலையிலேயே வானம் இருண்டு, பிறகு ரத்தச் சிவப்பாகியது. அவர்களில் பலரைப் பிறகு கடற்படைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடல் இருந்ததால் அவர்களுக்கு அந்தக் கடைசி இடம் கிடைத்தது. மலையில் அது இல்லை.

காரில் மாட்டிக்கொண்டால்: மரமில்லாத வெட்டவெளியில் நிறுத்தி, ஜன்னலை ஏற்றி, ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து, கம்பளியால் மூடிக்கொள்ளுங்கள். அதற்காகவே எங்கள் காரில் கோடை முழுவதும் இரண்டு கம்பளிப் போர்வை கிடக்கும். அவசரத்துக்கு 000. போன் கோபுரம் எரிந்தாலும் பேட்டரி ரேடியோவில் தேசிய வானொலியான ஏபிசி கேட்கும். சாதாரண நாளில் தமிழிலேயே விவரம் கேட்க வேண்டுமானால் 131 450-இல் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் மூலம் விக்எமர்ஜென்சி உதவி எண்ணான 1800 226 226-க்குப் பேசலாம். பெற்றோரின் போனில் இதைச் சேமித்து வையுங்கள்.

போன வருஷம் மூணு தடவை கிளம்பினோம், ஒண்ணுமே நடக்கல. பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கறார். இன்னும் எத்தனை தடவை?

எங்களுக்கு ஒரு கோடையில் நான்கு முறை. லீவு போடணும், பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், ஃபிரிட்ஜில் வைத்த மாவு புளித்துவிடும். எரிச்சல் நியாயமானதுதான். அதனால் கிளம்பும் வேலையைச் சுருக்கிவிட்டோம்: பை நவம்பரிலிருந்து கதவருகில், போகும் வீடு முன்பே பேசிவைத்தது, எலுமிச்சைச் சாதம் முந்தின இரவே கட்டியது. காரில் ஏற இருபது நிமிடம்.

நான்காவது முறை இரவு ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தோம். காற்று மாறி, லேசாகத் தூறியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தார், கையை ஆட்டினார், சிரித்தார். நானும் சிரித்தேன். மாமியார் நேராகப் பூஜையறைக்குப் போய் விளக்கை அதன் இடத்தில் வைத்தார். கொடியில் மறந்துவிட்டுப் போன ஒரு துண்டு மட்டும், தூறலுக்குப் பிறகும், அப்பளம் மாதிரி விறைத்திருந்தது.